யானையும் காட்டெருமையும் இல்லாத லீக்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி கம்போங் ராஜா நோக்கிப் போகும் சாலையில் இருக்கிறது திரிங்காப். ஊரைச் சுற்றிக் காய்கறித் தோட்டங்கள். ஒரு பக்கம் சுங்கை பாலாஸ், இன்னொரு பக்கம் புளூ வேலி என்று தேயிலை மலைகள். முகவரி பகாங் மாநிலம். ஆனால் பகாங் அணியின் டாருல் மக்மூர் அரங்கம் குவாந்தானில் இருக்கிறது. மலையிறங்கிப் போய்ச் சேர ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. சிம்பாங் பூலாய் சாலையைப் பிடித்தால் ஈப்போ இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும், அங்கே இருப்பது பேராக் அரங்கம். அதனால் இந்த மலையில் ரசிகர் கூட்டம் எப்போதும் இரண்டாகவே பிரிந்து நின்றது. பகாங்கின் மஞ்சள் கறுப்புச் சட்டையோடு ‘தோக் காஜா’ யானைக்காகக் கத்துபவர்கள் ஒரு பாதி. பேராக்கின் காட்டெருமைக்காக ஈப்போவுக்கு வேன் பிடிப்பவர்கள் மறு பாதி. ஒரே வீட்டில் அப்பா அந்தப் பக்கமும் மகன் இந்தப் பக்கமுமாக இருப்பதும் உண்டு.

2025-26 பருவத்துக்கான மலேசிய சூப்பர் லீக் 13 அணிகளோடு தொடங்கியபோது அந்தச் சண்டைக்கு வேலையில்லாமல் போயிற்று. புருணையின் டிபிஎம்எம் உள்ளே வந்திருந்தது. குடிநுழைவுத் துறையின் அணிகூட உள்ளே இருந்தது. பகாங் இல்லை, பேராக் இல்லை, வடக்கே கெடாவும் இல்லை.

பகாங் விஷயத்தில் எரிச்சலைக் கூட்டுவது காலக்கணக்கு. 2025 ஏப்ரல் 26 அன்று புக்கிட் ஜாலில் அரங்கில் ஸ்ரீ பகாங் மலேசியக் கிண்ண இறுதியாட்டம் ஆடியது. ஜொகூர் டாருல் தாக்சிமிடம் 2-1 என்று தோற்றது. நாட்டின் எல்லாக் கிண்ணங்களையும் அள்ளிக்கொண்டிருக்கும் அணியிடம் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த பருவத்துக்கு இரண்டு ஆள் சேர்த்தால் போதும் என்று பேசிக்கொண்டே மஞ்சள் கூட்டம் வீடு திரும்பியது. சில வாரங்களில் அடுத்த பருவத்தில் அணியே இல்லை என்று அறிவிப்பு வந்தது. பருவக் கடைசியில் சரிந்த அணிகளை உலகம் நிறையப் பார்த்திருக்கிறது. இறுதியாட்டம் வரை வந்துவிட்டு அணி இல்லாமலே போனதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

காற்பந்து ரசிகர்களின் கோபம் பழைய விஷயம்தான். ஆனால் மலேசியாவில் அந்தக் கோபம் முக்கால்வாசி நேரம் தவறான முகவரிக்குப் போய்ச் சேருகிறது என்பது என் எண்ணம். பருவம் முடியும் தறுவாயில் அணி தடுமாறினால் நாம் ஆட்டக்காரனின் காலைப் பார்க்கிறோம், பயிற்றுநரின் பலகையைப் பார்க்கிறோம். சரிவு அந்தத் தடுமாற்றத்துக்கு ஏழெட்டு மாதங்களுக்கு முன்பே, ஒப்பந்தக் காகிதத்தில் கையெழுத்து விழுந்த அன்றே தொடங்கிவிடுகிறது.

கோப்பிக்கடைப் பேச்சில் வரும் விளக்கங்கள் மொத்தம் நான்குதான். கால் ஓய்ந்துவிட்டது. நல்ல ஆட்களை விற்றுவிட்டார்கள். சம்பளம் வரவில்லை. நான்காவது, குரலைத் தாழ்த்திச் சொல்வது: “காசு வாங்கிட்டானுங்க, அண்ணே.”

இந்த நான்காவதை வெறும் புலம்பல் என்று ஒதுக்க முடியாது, அதற்கு வரலாறு இருக்கிறது. 1994 டிசம்பரில் ஷா ஆலாம் அரங்கில் நடந்த மலேசியக் கிண்ண இறுதியில் பகாங் சிங்கப்பூரிடம் 4-0 என்று தோற்றது. அபாஸ் சாட் மூன்று கோல் அடித்தார். சிங்கப்பூர் அணித்தலைவர் ஃபாண்டி அகமது. அதே ஃபாண்டிதான் 1992இல் பகாங் சட்டையில் லீகையும் கிண்ணத்தையும் வென்று கொடுத்தவர், பிற்காலத்தில் பகாங்குக்கே பயிற்றுநராகவும் வந்தார். அந்த இறுதியாட்டத்தை ஒட்டிய மாதங்களில்தான் ஆட்டத்தை விற்ற ஊழல் வெடித்தது. 21 ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும் நீக்கப்பட்டார்கள், 58 ஆட்டக்காரர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், நூற்றுக்கு மேற்பட்டவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். சிலரைச் சொந்த ஊரை விட்டே வேறு மாவட்டங்களுக்கு அனுப்பி வைத்தார்கள். அபாஸ் சாடும் சிங்கப்பூரில் நீதிமன்றம் ஏறி அபராதம் கட்டினார். சிங்கப்பூர் அணி மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. நுழைவுச்சீட்டு வசூல் பங்கில் வந்த தகராறே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அதற்குப் பிறகு வந்த தலைமுறைக்குத் தோல்வியைத் தோல்வியாக மட்டும் பார்க்கத் தெரியாமல் போயிற்று. 85ஆம் நிமிடத்தில் கோல்காவலர் பந்தை நழுவவிட்டால் கை வழுக்கியது என்று யாரும் நம்புவதில்லை. அந்தச் சந்தேகம் நியாயமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். சந்தேகப்படுவது எளிது என்பதால் மற்ற மூன்று விளக்கங்களையும் யாரும் ஆழமாகத் தோண்டவில்லை. நிர்வாகங்களுக்கு அது வசதியாகவே இருந்தது. ஆட்டக்காரன் கள்ளன் என்று மக்கள் பேசிக்கொண்டிருக்கும் வரை கணக்குப்புத்தகத்தைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள்.

கால் ஓய்ந்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அது உண்மை, எல்லா நாட்டுக்கும் பொது. இந்த மலையில் சனிக்கிழமை இரவு மாமாக் கடையில் திரைக்கு முன் உட்காருபவர்களுக்கு 2022-23 ஆர்சனலை மறந்திருக்காது. 248 நாள் முதலிடத்தில் இருந்துவிட்டு, ஏப்ரலில் லிவர்பூல், வெஸ்ட் ஹாம், சவுத்தாம்ப்டன் என்று அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களைச் சமன் செய்து, மான்செஸ்டர் சிட்டியிடம் 4-1 தோற்று, பட்டத்தைக் கைவிட்டார்கள். நெஞ்சுரம் இல்லை என்றார்கள் விமர்சகர்கள். மார்ச்சில் வில்லியம் சாலிபாவுக்கு முதுகில் அடிபட்டது. அவர் இடத்தில் நிறுத்த அதே தரத்தில் இன்னொரு தற்காப்பு ஆட்டக்காரர் பட்டியலில் இல்லை. நெஞ்சுரம் குறைந்ததா, ஆள் குறைந்ததா என்று கேட்டால் எனக்கு இரண்டாவதுதான் கண்ணில் படுகிறது. ஆனால் ஆர்சனல் அடுத்த பருவமும் ஆடியது, அதற்கடுத்த பருவமும் ஆடியது. ரசிகன் திட்டிக்கொண்டே போய் உட்கார ஓர் இடம் இருந்தது.

நம்மூர் லீகில் பருவக் கடைசி வேறு மாதிரி. பருவ அட்டவணை மாறுவதற்கு முன், பல ஆண்டுகளாக சூப்பர் லீக் ஆண்டின் தொடக்கத்தில் தொடங்கி நடு ஆண்டில் முடியும். அதற்குப் பிறகு மலேசியக் கிண்ணம், அக்டோபர் நவம்பர் வரை. ரசிகர்களுக்கு லீகைவிடக் கிண்ணம் பெரிது. அரங்கம் நிறைவது அப்போதுதான். ஒப்பந்தங்களும் நவம்பர் 30 அன்று முடியும். மாநில அரசின் மானியமும் அரசு சார்ந்த நிறுவனங்களின் விளம்பரப் பணமும் ஆண்டுத் தொடக்கத்தில் அறிவிக்கப்படும். அந்த அறிவிப்பை நம்பி இறக்குமதி ஆட்டக்காரர்களை எடுப்பார்கள். நடுவில் ஆட்டம் சரியில்லை என்றால், இடைக்கால மாற்றுச் சாளரத்தில் ஒருவரை அனுப்பிவிட்டு இன்னொருவரைக் கொண்டு வருவார்கள். போனவருக்கும் பணம் தர வேண்டும், வந்தவருக்கும் தர வேண்டும். செப்டம்பர் வாக்கில் கை காய்ந்துவிடும். கிண்ணத்தின் காலிறுதி நெருங்கும் நேரமும் சம்பளப் பாக்கி இரண்டு மூன்று மாதத்தைத் தொடும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கும்.

அப்போது யாருக்கு முதலில் கொடுப்பது? வெளிநாட்டு ஆட்டக்காரர் ஃபிஃபாவுக்குப் போனால் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யவே கழகத்துக்குத் தடை வரும். உள்ளூர்ப் பையன் எங்கே போவான்? வீட்டுத் தவணை கட்டாமல் வங்கியிலிருந்து கடிதம் வந்த இருபத்து நான்கு வயதுக்காரன் சனிக்கிழமை இரவு ஆடுகிற ஆட்டத்தைத்தான் நாம் மேலே உட்கார்ந்து ‘நெஞ்சுரம் இல்லை’ என்கிறோம். சம்பளப் பாக்கிக்காக அணிகளின் புள்ளியை வெட்டும் விதியையும் லீக் நிர்வாகம் கொண்டுவந்தது. மலாக்கா யுனைடெட் போன்ற அணிகள் அந்த அடியை வாங்கின. எண்ணிப் பார்த்தால் விசித்திரமான தண்டனை. பணம் கொடுக்காதது நிர்வாகம், புள்ளியை இழந்தது பணம் வராமலே ஓடியவர்கள்.

பேராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் திரெங்கானுவோடு 3-3 என்று சமனாகி, பினால்டியில் வென்று மலேசியக் கிண்ணத்தை ஈப்போவுக்குக் கொண்டுவந்தார்கள். மெஹ்மெட் துராகோவிச் பயிற்றுநர். லீகிலும் இரண்டாம் இடம். மூன்றே ஆண்டில், 2021இல், அதே கழகம் தன் வரலாற்றில் முதன்முறையாகக் கீழ் லீகுக்கு இறங்கியது. இடையில் நடந்தது சம்பளப் பாக்கியும் ஆள் விலகலும். 2020இல் லீக்கில் நான்காவதாக வந்த அணியின் முதுகெலும்பு அடுத்த ஆண்டு அங்கே இல்லை. பிறகு ஒரு தனியார் தொலைத்தொடர்பு நிறுவனம் வாங்கியது. 2023இல் சூப்பர் லீக் விரிவாக்கப்பட்டபோது மேலே வந்தார்கள். 2025இல் மறுபடி வெளியே. ஈப்போ ரசிகர் ஏழு ஆண்டுக்குள் ஏற்றம், இறக்கம், ஏற்றம், இல்லாமை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

கிளந்தான் கதை இன்னும் கொடுமை. 2012இல் லீக், எஃப்ஏ கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் ஒரே ஆண்டில் வென்ற அணி அது. கோத்தா பாருவில் அப்போது திருவிழா. மாநிலச் சங்கத்தின் கடன் முற்றி, 2020இல் தனியார் கைக்கு விற்கப்பட்டது. 2023இல் கடைசி இடம். அதன் பிறகு உரிமமும் இல்லை. மூன்று கிண்ணம் வென்றதற்கும் அணி மறைந்ததற்கும் இடையில் பதினோரு ஆண்டு. அந்த மூன்று கிண்ணத்துக்குக் கொடுத்த விலை பின்னாளில் வந்த கடனில் எவ்வளவு என்று யாராவது பொதுவில் கணக்குக் காட்டியிருந்தால், மற்ற மாநிலங்களுக்குப் பாடமாக இருந்திருக்கும்.

இதற்கெல்லாம் மருந்தாகத்தான் தனியார்மயம் வந்தது. மாநிலக் காற்பந்துச் சங்கங்கள் நேரடியாக அணி நடத்தக்கூடாது, நிறுவனமாகப் பதிவுபெற்ற கழகமாக மாற வேண்டும் என்று மலேசியக் காற்பந்துச் சங்கம் விதித்தது. 2021இல் பகாங் ‘ஸ்ரீ பகாங்’ ஆனது, சிலாங்கூர், கெடா எல்லாம் கழகங்களாயின. நோக்கம் சரியானது. நடந்தது என்னவென்றால், பழைய சங்கத்தின் கடனும் பழக்கமும் புதிய பெயர்ப்பலகைக்குக் கீழே அப்படியே குடியேறின. முன்பு மாநிலச் சங்கத்தின் கூட்டத்தில் யாராவது எழுந்து கேள்வி கேட்கும் வாய்ப்பாவது இருந்தது. நிறுவனத்தில் பங்குதாரரைத் தவிர யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சட்டையும் சின்னமும் மாநிலத்துடையவை, பொறுப்பு மட்டும் நிறுவனத்துடையது.

இனி ஆட்டக்காரர் பட்டியலுக்கு வருவோம். ரசிகர்கள் மிகச் சூடாகப் பேசுவது இதைப் பற்றித்தான். அதில் பகாங்குக்காரர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பகாங் மலேசியக் கிண்ணத்தை நான்கு முறை வென்றிருக்கிறது: 1983, 1992, 2013, 2014. இதில் கடைசி இரண்டும் பயிற்றுநர் டோலா சாலே காலம் தொடங்கிவைத்த அலை. 2013இல் மத்தியாஸ் கொந்தியின் கோலில் கிளந்தானை 1-0 என்று வீழ்த்தினார்கள். 2014இல் ஜொகூரோடு 2-2, பினால்டியில் 5-3. டிக்சன் நுவாக்காமே, சேஷ் ரெஹ்மான் போன்ற இறக்குமதிகளோடு ஆர். சுரேந்திரன், ஆர். கோபிநாதன் போன்ற நம் பெயர்களும் அந்த மஞ்சள் சட்டையில் இருந்தன. 2018இல் சிலாங்கூரை 2-0 என்று வென்று எஃப்ஏ கிண்ணம். காம்பியாவில் பிறந்த முகமது சுமாரே பகாங்கில் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் குடியுரிமை பெற்றுத் தேசிய அணிக்குப் போனார். மேத்யூ டேவிஸ் அணித்தலைவராக இருந்தார்.

2020இல் டேவிஸ் ஜொகூருக்குப் போனார். அதே ஆண்டு சுமாரேவும் கழகத்தோடு ஒப்பந்தத் தகராறில் பிரிந்து, தாய்லாந்து வழியாகச் சுற்றி, 2021இல் அதே ஜொகூர் சட்டையில் தெரிந்தார். ரசிகர்கள் இருவரையும் துரோகி என்று திட்டினார்கள். எனக்கு அந்தத் திட்டில் உடன்பாடில்லை. 2014 முதல் 2024-25 வரை தொடர்ந்து 11 முறை லீக் பட்டம் வென்ற கழகம் அழைக்கும்போது, மாதா மாதம் சம்பளம் சொன்ன தேதிக்கு வரும் என்பதே பாதி ஈர்ப்பு. மீதிப் பாதி புல்தரை, பயிற்சி மையம், ஆசியப் போட்டி. பகாங் தன் சிறந்த ஆட்களை இழந்ததற்கு ஜொகூரின் பணத்தை மட்டும் காரணம் காட்டுவது வசதியான பாதி உண்மை.

இறக்குமதி விஷயத்தில் நாடே ஒரு பெண்டுலம்போல ஆடியிருக்கிறது. 2009 முதல் 2011 வரை வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு முழுத் தடை இருந்தது. அதே காலத்தில்தான் கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்த அணி 2009இல் இருபது ஆண்டுக்குப் பிறகு சீ விளையாட்டுத் தங்கம் வென்றது. 2010இல் சுசுகி கிண்ணத்தில் முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 5-1 உதை வாங்கிவிட்டு, இறுதியில் அதே இந்தோனேசியாவை மொத்தம் 4-2 என்று வென்று திரும்பியது. எஸ். குணாளனும் கே. குருசாமியும் அந்த அணியில் இருந்தார்கள். தடையால்தான் வெற்றி என்று அடித்துச் சொல்ல முடியாது. ஹரிமாவ் மூடா என்ற இளையோர் திட்டம், ராஜகோபாலின் பொறுமை, கொஞ்சம் அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்தது. ஆனால் உள்ளூர் முன்வரிசை ஆட்டக்காரர்கள் வாரா வாரம் தொண்ணூறு நிமிடம் ஆடினார்கள் என்பது கண்கூடு. இன்று தேசிய அணிக்குச் சொந்த லீகிலிருந்து ஒரு முன்வரிசை ஆளைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

அந்தப் பெரும்பாட்டுக்குக் குறுக்குவழி தேடியதன் விளைவை 2025இல் பார்த்தோம். ஜூன் 10 அன்று புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4-0 என்று நொறுக்கியபோது நாடே ஆடியது. செப்டம்பரில் ஃபிஃபா, தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய ஆவணங்கள் பொய் என்று சொல்லி ஏழு ஆட்டக்காரர்களுக்கு 12 மாதத் தடை விதித்தது. சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் ஃப்ராங்க் அபராதம். அந்த நான்கு கோலில் இரண்டை அடித்தவர்கள் அந்த ஏழு பேரில் இருவர். மேல்முறையீட்டையும் ஃபிஃபா நவம்பரில் தள்ளியது. கழகங்கள் செய்வதைத்தான் நாடும் செய்தது: இன்றைக்கு வெற்றி, நாளைக்குக் கணக்கு.

தமிழ் ரசிகருக்கு இந்தப் பட்டியல் விவகாரத்தில் கூடுதலாக ஒரு முள் உண்டு. பெயர்ப்பட்டியல் வெளியானதும் நம் கண் முதலில் எதைத் தேடும் என்று சொல்லத் தேவையில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 3-0 என்று வென்ற அணியில் எம். சந்திரன் இருந்தார். எழுபது, எண்பதுகளில் ‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகம் கோல்கம்பத்துக்கு நடுவில் நின்றார். 1988இல் கார் விபத்தில் போய்விட்டார். பயிற்றுநர் வரிசையில் ராஜகோபால், பி. சத்தியநாதன், கே. தேவன் என்று பெயர்கள் நீண்டன. கிளந்தானுக்கு 2010இல் மலேசியக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தவர் சத்தியநாதன்தான். இந்த ஆட்டக்காரர்கள் வானத்திலிருந்து விழவில்லை. தோட்டத்துத் திடலில் மாலை ஐந்து மணிக்கு மேல் நடந்த ஆட்டங்கள், தோட்டத்துக்குத் தோட்டம் நடந்த கிண்ணப் போட்டிகள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் கைக்காசு போட்டு வாங்கிய பந்துகள் ஆகியவற்றிலிருந்து வந்தார்கள். ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயங்களோடு திடல்களும் போயின.

கேமரன் மலையில் தோட்டங்கள் துண்டாகவில்லை. 1929இல் ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டம் இன்றும் அதே பெயரில் ஓடுகிறது, 1933இன் பாரத் தோட்டமும் அப்படியே. மாறியது கொழுந்து கொய்யும் கை. அந்த வேலையில் இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தமிழ்ப் பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள், அதைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. திரிங்காப் பக்கம் சமதளமாக ஒரு துண்டு நிலம் கிடைத்தால் அதில் நெகிழிக்கூரை போட்டுத் தக்காளியோ கீரையோ வைத்துவிடுவார்கள். பந்துக்கு இடம் கேட்பவன் அந்த மலையில் விலை தெரியாதவன். திறமையுள்ள ஒரு பையன் தலைகாட்டினாலும் மாநிலத் தேர்வுக்கு அவன் குவாந்தான் பக்கம் போயாக வேண்டும். இத்தனைக்கும் நாட்டின் முதன்மைக் காற்பந்துக் கல்விக்கூடமான மொக்தார் டஹாரி அகாடமி இருப்பது பகாங்கின் கம்பாங்கில். நாட்டுக்கே ஆட்டக்காரர்களை வளர்க்கும் மாநிலத்துக்கு முதல்நிலை லீகில் ஓர் அணி இல்லை.

நம்மவர்களுக்கென்று ஓர் அணி வந்தும் பார்த்தாயிற்று. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் அணி 2017இல் பிரிமியர் லீக் ஆடியது. 2019இல் சூப்பர் லீகுக்கு ஏறி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறியது. பி. மணியம் பயிற்றுநராக இருந்தபோது, 2022 பருவம் முழுவதையும் ஓர் இறக்குமதி ஆட்டக்காரர்கூட இல்லாமல் ஆடினார்கள். சரிந்துவிடும் என்று ஆரூடம் சொன்னவர்கள் பலர், ஆனால் அது கீழே விழவில்லை. பருவம் முடிந்ததும் லீகிலிருந்து விலகிக்கொண்டது. இங்கே வரவுக்கு மீறிய செலவு என்று சொல்லக்கூட இடமில்லை. உரிமையாளர்களுக்குத் தொடர விருப்பமில்லை, அவ்வளவுதான். வெற்றியும் சிக்கனமும் சேர்ந்திருந்தாலும் ஒரு கழகம் ஒரு கையெழுத்தில் மறையலாம் என்றால், ரசிகன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

இதே கேள்வி சென்னையிலும் எழுந்திருக்கிறது. 2018 மார்ச்சில் பெங்களூரு மண்ணில் 3-2 என்று வென்று இரண்டாம் முறை ஐஎஸ்எல் பட்டம் எடுத்த சென்னையின் எஃப்சி, அடுத்த பருவத்தில் 18 ஆட்டத்தில் 9 புள்ளி மட்டும் எடுத்துக் கடைசி இடத்தில் முடிந்தது. அணித்தலைவர் ஹென்ரிகே செரேனோ போய்விட்டார். வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் முழங்கால் காயத்தோடு வெளியே உட்கார்ந்தார். நேரு அரங்கின் ரசிகர்கள் அன்று பயிற்றுநர் ஜான் கிரெகரியைத் திட்டினார்கள். 2025 ஆகஸ்டில், லீகை நடத்தும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போட்டியே நடக்குமா என்று தெரியாத நிலையில், கழகம் தன் காற்பந்துப் பணிகளை நிறுத்தி வைத்தது. அப்போது திட்டுவதற்கு ஒரு முகம்கூடக் கிடைக்கவில்லை.

கோபம் மட்டும் இருந்து வழி இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. 2015 செப்டம்பர் 3 அன்று தேசிய அணி ஐக்கிய அரபு சிற்றரசிடம் 10-0 என்று தோற்றது, அதன் பயிற்றுநராக இருந்த டோலா சாலே விலகினார். ஐந்து நாள் கழித்து ஷா ஆலாமில் சவுதி அரேபியாவுக்கு எதிரான ஆட்டத்தில் ரசிகர்கள் தீப்பந்தங்களை மைதானத்துக்குள் எறிய, ஆட்டம் முடியாமலே நிறுத்தப்பட்டு, 3-0 என்று சவுதிக்குக் கொடுக்கப்பட்டது. நாற்காலியில் இருந்தவர்களின் தலைவிதி அன்றிரவு மாறவில்லை.

ஜெர்மனியில் கழகங்களின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, சில விதிவிலக்குகளோடு. இங்கிலாந்தில் 2019இல் பரி கழகம் லீகிலிருந்து தூக்கி எறியப்பட்டது மக்களை உலுக்கியது. 2025இல் கழகங்களின் பணநிலையைக் கண்காணிக்கத் தனிச் சட்டமே வந்துவிட்டது. இரண்டையும் அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. நம் அரங்கங்களில் உறுப்பினர் என்று ஒரு பிரிவே கிடையாது, சீட்டு வாங்குபவர், சட்டை வாங்குபவர் என்று மட்டுமே உண்டு. ஆனால் நம்மிடம் இருக்கும் ஒன்றை நாம் பயன்படுத்தவும் இல்லை. மாநிலச் சின்னத்தைப் போட்டு ஆடும் அணிக்கு மாநிலத்தின் பணமும் மாநில நிறுவனங்களின் பணமும் போகிறது என்றால், அதைப் பற்றிக் கேட்கும் இடம் மாநிலச் சட்டமன்றம். கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதிக்குள் தானா ராத்தா, ஜெலாய் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. தேர்தலுக்குத் தேர்தல் சாலைக்கும் நிலக் குத்தகைக்கும் மனு எழுதும் கை நம் மக்களுடையது. ஸ்ரீ பகாங்குக்குக் கடந்த ஐந்து ஆண்டில் எந்த அரசு நிறுவனம் எவ்வளவு கொடுத்தது, உள்ளூர் ஆட்டக்காரர்களுக்குப் பாக்கி உண்டா, இளையோர் அணிகள் இப்போது யார் பொறுப்பில் இருக்கின்றன என்று மூன்று வரியில் ஒரு மனுவை தானா ராத்தாவில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். குவாந்தான் போகும் ஐந்து மணி நேரப் பயணம் அதற்குத் தேவையில்லை.